முள் கிழித்தது என்று சொன்னேன்

மதுரையில் ஒரு நாளிதழில் ஐந்து வருடம் செய்தி மேசையில் இருந்தேன். ஊர்களிலிருந்து நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் சுருக்கி, பிழை பார்த்து, தலைப்பு வைத்து அனுப்புவது என் வேலை. தற்கொலைச் செய்தி இல்லாத நாள் குறைவு. அவற்றில் காரணம் சொல்லும் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: தீராத வயிற்றுவலி. பல நேரம் அது உண்மையில்லை என்று எழுதியவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வயிற்றுவலி என்று போட்டுவிட்டால் யாரும் மேலே கேட்பதில்லை. வீட்டுக்கும் பேச்சு வராது. ஐந்து வருடத்தில் அந்த வரியை ஒருமுறைகூட நான் அடித்து நீக்கியதில்லை.

அதே வருடங்களில்தான் என் கையை நானே காயப்படுத்திக்கொண்டேன். எப்படி, எத்தனை முறை என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. சாவதற்காகச் செய்யவில்லை. அன்றைய பொழுதைத் தாண்டுவதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; அதற்கும் அது உதவவில்லை. ஒரு மருத்துவர், ஒன்றரை வருடம் மாத்திரை, வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியது, எல்லாம் சேர்ந்து அது நின்றது. நின்று ஆறு வருடம் ஆகிறது. தழும்புகள் மட்டும் இருக்கின்றன. இடது முன்கையின் உட்பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை, ஒன்றுக்கொன்று இணையாக, தோலைவிட வெளுத்த கோடுகள். வெயிலில் கை கறுக்கக் கறுக்க அவை இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஊர் கமுதிக்குப் பக்கம். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மூன்று ஏக்கர் புஞ்சை. மிளகாயும் பருத்தியும் போடுவார். எங்கள் பக்கம் மிளகாய் பறிக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், வெயிலுக்கும் காந்தலுக்கும். நான் மதுரையிலிருந்து வந்த மறுநாள் காலை, அய்யா தன் முழுக்கைச் சட்டைகளில் இரண்டைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார். என் கையைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

புஞ்சையில் இருந்தவரை முழுக்கைச் சட்டை யார் கண்ணையும் உறுத்தவில்லை. அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை தவறி, வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டும் என்று ஆனபோது வேலை தேடிக் கிளம்பினேன். அப்போதுதான் அது உறுத்த ஆரம்பித்தது.

முதலில் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளி. ஆரம்ப வகுப்புகளுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். தாளாளர் ஒரு வயதான அம்மாள். பத்து நிமிடம் நன்றாகத்தான் பேசினார். பிறகு, சுருட்டி வைத்திருந்த இந்திய வரைபடத்தைக் கொடுத்து, "இத மாட்டிட்டு, நான்தான் ரெண்டாங்கிளாஸ் புள்ளைன்னு நெனச்சு பாடம் நடத்துங்க பாப்போம்" என்றார். ஆணி உயரத்தில் இருந்தது. இரண்டு கையையும் தூக்கினேன். இடது கைச் சட்டை முழங்கை வரை வழிந்து இறங்கியது. எதிரே புத்தக அலமாரியின் கண்ணாடியில் அந்த அம்மாளின் முகம் தெரிந்தது. அவர் கண் வரைபடத்தில் இல்லை. நாற்காலி அரை அடி பின்னுக்கு நகர்ந்தது. நான் பாடம் நடத்தினேன். வங்கக் கடல், மன்னார் வளைகுடா எல்லாம் காட்டினேன். முடித்ததும் அவர், "சின்னப் புள்ளைங்க பொழங்குற எடம் பாருங்க. போன் பண்றோம்மா" என்றார். போன் வரவில்லை. அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று பேருந்தில் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததற்காக ஊர் வரும்வரை தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது, உச்சிப்புளியைத் தாண்டி ராமேஸ்வரம் சாலையில் இருந்த நண்டுக் கம்பெனி. கடலிலிருந்து வரும் நண்டை வேகவைத்து, ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். அவர்களுக்கு வேண்டியது பதிவேடு எழுத ஓர் ஆள். எந்தப் படகு நண்டு, எத்தனை மணிக்கு வெந்தது, குளிர் அறையில் எத்தனை டிகிரி என்று மணிக்கு மணி எழுத வேண்டும். மேனேஜர் கீழக்கரைக்காரர், நாற்பது வயது இருக்கும். பழைய தாள் ஒன்றைக் கொடுத்து அதில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்று தப்பு இருந்தது. ஒன்றில், நண்டு வேகும் முன்பே குளிர் அறைக்குப் போயிருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"ரெண்டு வருசமா இது யார் கண்ணுலயும் படலையே. நீங்க எப்ப வந்து சேருறீங்க? சரி, உள்ள ஹாலப் பாத்துட்டு வந்துருங்க."

நண்டு உரிக்கும் ஹாலின் வாசலில் ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு அது தெரியாது. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், மேனேஜரே ஆனாலும், வளையல், கயிறு எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துத் தண்ணீரில் நனைத்து, வாசலில் நிற்கும் சூப்பர்வைசர் அக்காவிடம் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். வெட்டுக்காயம், கொப்புளம், சொறி இருந்தால் அன்றைக்கு நண்டைத் தொட முடியாது. உள்ளே முழுக்கைக்கு அனுமதி இல்லை. கம்பெனி கொடுக்கும் அரைக்கை வெள்ளைக் கோட்டுதான்.

சூப்பர்வைசர் அக்கா மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தினமும் நூறு பேர் கையைப் பார்க்கிறவர். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் விரலைப் பிடித்து வைத்திருந்தார்.

"ஏத்தா, நகத்துல என்ன செவப்பு? நண்டுக்கும் சேத்துப் பூசிவிடப் போறியா?"

"கல்யாணத்துக்குப் போனேங்க்கா."

"போனது நீயா, நண்டா? போ, சுரண்டிட்டு வா."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது நான். இடது கையை உட்பக்கம் கீழே இருக்கும்படி நீட்டினேன். அவர் வழக்கப்படி திருப்பினார். திருப்பியவர் விடவில்லை. குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"இது என்னத்தா?"

"கருவேல முள்ளு கிழிச்சது."

யோசிக்காமல் வந்தது. நாலு வார்த்தைக்குள் முடிகிற காரணம் ஒன்றை எழுதக் கற்றுக்கொண்டவள் நான்.

"எல்லாம் ஒரே வாக்குலயா, கோடு போட்டாப்ல கிழிச்சுச்சு?"

"வெறகுக் கட்டு சரிஞ்சு இழுத்துருச்சுக்கா. எங்க நெலம் பூராக் கருவேலந்தான். அய்யா மூட்டம் போடுறாரு."

பின்னால் கை கழுவிக்கொண்டிருந்த மேனேஜர், "கமுதிப் பக்கம்ல, அங்கன வேற என்ன இருக்கு" என்றார். அக்கா என் கையை விட்டார். "ஆறிருச்சுல்ல, போ உள்ள." வேலை கிடைத்துவிட்டது.

அந்தப் பொய் என்ன செய்தது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நிலத்தைப் பார்க்க முடியாமல் விட்டுவிட்டால் இரண்டே வருடத்தில் சீமைக்கருவேலம் மண்டிவிடும். பிறகு செய்யக்கூடியது அதை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே தீயைப் புகைய விட்டுக் கரி எடுப்பது. அதுதான் மூட்டம். வேறு வழியில்லாமல் நிறையப் பேர் செய்கிறார்கள். அதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் அய்யாவுக்கு அது ஒப்பாது. மழை ஈரம் காய்வதற்குள் மூன்று ஏக்கரையும் வரிசை வரிசையாக நடந்து, விரல் உயரக் கருவேலங்கன்றையும் வேரோடு பிடுங்கிப்போடுவார். வரப்பில்கூட ஒன்றை விடமாட்டார். "மூணு ஏக்கருக்கும் தலை சீவிப் பூ வச்சிருக்காருப்பா" என்று ஊரில் கேலி செய்வார்கள். அவர் அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். மழை தவறிய இரண்டு வருடமும் விளைச்சல் இல்லாத நிலத்தில் அந்தக் கன்றுகளை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலத்தைத்தான் நான் கருவேலங்காடு என்று சொல்லி வேலை வாங்கினேன்.

கம்பெனியில் எனக்குப் பெயரே அதுவாகிப்போனது. நண்டு உரிக்கும் பெண்கள், "ஏ முள்ளு, டிகிரி பாத்தாச்சா? நாங்க இங்கன வெறச்சுப்போயி நிக்கிறோம்" என்பார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன். அரைக்கையோடு எட்டு மணி நேரம் நிற்க முடிந்தது. அவர்கள் விரலெல்லாம் நண்டு ஓடு கீறிய கோடுகள். என் கையும் அவற்றில் ஒன்றாகக் கலந்துவிட்டது என்று நினைத்தேன். ராமநாதபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வந்தேன். பேருந்தில் ஏறும்போது முழுக்கைக்கு மாறிக்கொள்வேன்.

மேனேஜர் இரண்டு முறை கேட்டார். கொதிகலனுக்கு விறகு வேண்டும், உங்கள் அய்யாவிடம் ஒரு லோடு கிடைக்குமா என்று. "கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன் இரண்டு முறையும்.

தை அமாவாசை வந்தது. அய்யா ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகி, தன் தாய் தகப்பனுக்கும் என் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வருவது வருடா வருடம் உண்டு. திரும்பும் வழியில் கம்பெனியில் இறங்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மதியம் இரண்டு மணி. காவலாளி வந்து, "ஒங்க அய்யா வந்துருக்காரு" என்றார். பாதி எழுதிய தாளோடு, வெள்ளைக் கோட்டோடு வெளியே ஓடினேன்.

அவர் வேட்டி இன்னும் ஈரமாக இருந்தது. நெற்றியில் திருநீறு. கையில் ஒரு மஞ்சள் பை, வாய் சணலால் கட்டியிருந்தது. வேட்டி நனைந்திருந்தும் பை நனையவில்லை என்பதைக் கவனித்தேன். யாரிடமோ கொடுத்து வைத்துவிட்டு முழுகியிருக்கிறார். எனக்கு முன்பே மேனேஜர் அங்கே நின்றிருந்தார். சாப்பாட்டு நேரம் என்பதால் சூப்பர்வைசர் அக்காவும் இருந்தார்.

"வாங்க பெரியவரே. ஒங்களத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் மேனேஜர். "மூட்டமெல்லாம் எப்படிப் போகுது? வெறகு ஒரு லோடு கேட்டேனே, மக சொல்லலையா?"

அய்யா என்னைப் பார்த்தார்.

"சொமக்கிறதுக்கு ஆளா கெடைக்கல ஒங்களுக்கு? பொம்பளப் புள்ள கைய முள்ளு இந்தக் கிழி கிழிச்சிருக்கு" என்றார் அக்கா. உரிமையோடு என் இடது கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார்.

அய்யா என் கையைப் பார்த்தார். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு அதை அவர் வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. நேரத்தைக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை, அன்றைக்குக் குறிக்கவில்லை.

"ஆமா தாயி" என்றார். "என் தப்புதேன். நெலம் கையவிட்டுப் போச்சு. பூராக் கருவேலம்." பிறகு மேனேஜரிடம், "இந்த வருசம் லோடு இல்லீங்க. வெட்டி வித்தாச்சு" என்றார். குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

"பையில என்ன?"

"ஒங்களுக்குத்தேன். புள்ளைக்கு வேல குடுத்திருக்கீக. குண்டு மிளகா."

"ஒங்க பக்கத்து மிளகாயா? நெலந்தான் போச்சுன்னீங்க?"

அந்த வருடத்தின் முதல் பறிப்பு அது. எனக்குத் தெரியும், போன ஞாயிற்றுக்கிழமை களத்தில் அதை நான்தான் கிளறிவிட்டிருந்தேன். இரண்டு வருடம் பொய்த்த பிறகு வந்த விளைச்சல். காம்பு போன ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று பொறுக்கிப் பொறுக்கி வைத்திருந்தார். யாருக்கு என்று அப்போது கேட்கவில்லை.

"கமுதிச் சந்தையில வாங்குனதுங்க" என்றார் அய்யா.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். நாலடி தூரத்தில்தான் நின்றேன். மேனேஜர் பையை வாங்கிக்கொண்டு, "அல்லா ஒங்களுக்கு நல்லது செய்வான்" என்று சொல்லி உள்ளே போனார். அய்யா என்னிடம், "வாரேன் ஆத்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் பூவரச நிழலில் போய் நின்றார். பேருந்து வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்ல மனுசன்" என்றார் அக்கா. "நெலத்ததான் இப்படி விட்டுட்டாரு."

அதுவரை என் கையைப் பார்த்துத்தான் நான் வெட்கப்பட்டிருந்தேன். அது பழகிய வெட்கம். எங்கே தொடங்கும், எப்போது அடங்கும் என்று தெரியும். இது அப்படி இல்லை. மறுநாள் காலை வரை அடங்கவில்லை.

மறுநாள் கை காட்டும் வரிசையில் கடைசியாக நின்றேன். எல்லாரும் உள்ளே போன பிறகு கையை நீட்டினேன், உட்பக்கம் மேலே இருக்கும்படி.

"இது முள்ளு இல்லக்கா. நானாச் செஞ்சுக்கிட்டது. ஆறு வருசத்துக்கு முன்னாடி."

அக்கா என் கையைப் பிடிக்கவில்லை. அரை அடி பின்னால் போனார். அது எனக்குத் தெரிந்த அசைவு. பள்ளியில் அந்த அம்மாளின் நாற்காலியும் அந்த அளவுதான் நகர்ந்தது.

"எதுக்கு?"

"அப்ப மனசு சரியில்ல. டாக்டர்ட்ட காட்டி சரியாயிருச்சு."

"இப்ப?"

"இப்ப இல்லக்கா."

 அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே முன்னும் பின்னும் திருப்பினார்.

"எனக்கு வேண்டியது பச்சைப் புண்ணு இருக்கா இல்லையாங்கறதுதான். இல்ல." பிறகு, "அப்ப மூட்டம்?" என்றார்.

"மூட்டமும் இல்லக்கா. எங்க நெலத்துல ஒரு கருவேலங்கன்னுகூட இல்ல. அந்த மிளகா அய்யா வெளைய வச்சது."

"அடிப்பாவி!" அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "சந்தைச் சரக்குன்னு நெனச்சு சாரு பாதிய எங்கிட்டக் குடுக்க, நான் அதுல பாதிய எதுத்த வீட்டுக்காரிக்குத் தூக்கிக் குடுத்துட்டேனே. பெத்தவன அப்படி நிக்க வச்சிட்டு நீயும் பாத்துக்கிட்டு நின்ன. போ, சாருகிட்டப் போயி சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

போனேன். மேனேஜரிடம் நின்றபடியே சொன்னேன், செய்தி எழுதுவதுபோல, முக்கியமானது முதலில்: கை, பிறகு பொய், பிறகு நிலம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கை ஒங்க கை" என்றார் கடைசியில். "அதப் பத்தி நான் கேக்க மாட்டேன். ஒடம்புக்கு ஏதாச்சும்னா லீவு கேளுங்க, தாரேன். ஆனா நீங்க எழுதுற டிகிரிய நம்பித்தான் இங்க இருந்து சரக்குப் போகுது. என் முகத்தப் பாத்து மூணு மாசம் ஒரு கதைய ஓட்டியிருக்கீங்க. நான் ரெண்டு தடவ வெறகு கேட்டேன்."

 நண்டுத் தாளில் தப்பைக் கண்டுபிடித்ததற்காக என்னை வேலைக்கு எடுத்தவர் அவர்.

வேலை போகவில்லை. ஆறு மாதத்துக்கு என் தாள் ஒவ்வொன்றிலும் சூப்பர்வைசர் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மணிக்கொரு முறை நான் எழுதியதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போகிறேன். அவர் குளிர் அறைக்குள் போய்த் தானே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் போடுவார். "ஏ முள்ளு, அக்காகிட்ட மார்க்கு வாங்கப் போறியா?" என்று பெண்கள் கேட்கிறார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெயரை மாற்றச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

மேனேஜரிடம் சொன்ன மறுநாள் அய்யாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன்.

"மிளகா நம்மளுதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"கருவேலம் இல்லைன்னு?"

"ஒரு கன்னுகூட இல்லைன்னு சொன்னேன்யா."

காற்றுச் சத்தம் கேட்டது. புஞ்சையில் நிற்கிறார் என்று தெரிந்தது.

"கையப் பத்தி?"

"அதையும்."

  நான் ஊருக்குத் திரும்பிய ஆறு வருடத்தில் கை என்ற சொல்லை அவர் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

"சரி" என்றார். "தண்ணி பாச்சுன ஈரம் இருக்கு. கன்னு புடுங்கணும். வச்சிரவா?"